சமவெளிக் க்ரீ மொழி: வீட்டுச் சொற்களிலிருந்து தொடங்கும் முறை

கத்தியைக் கொண்டுவரச் சொல்ல வேண்டுமானால் க்ரீ மொழியில் ‘பேதா மோஹ்கொமான்’. கரண்டியைக் கொண்டுவரச் சொல்ல ‘பேஸிவ் ஏமிஹ்க்வான்’. இரண்டும் ஒரே மேசையில் கிடப்பவை, இரண்டுக்கும் தமிழில் ‘கொண்டு வா’ ஒன்றுதான். க்ரீயில் வினையே மாறிவிடுகிறது, ஏனென்றால் கத்தி உயிரில்லா இனம், கரண்டி உயிருள்ள இனம். கொண்டு வா, எடு, கழுவு என்று வினைகளை ஒரு பக்கமும், கத்தி, கரண்டி, தட்டு என்று பொருள்களை மறுபக்கமும் எழுதி மனப்பாடம் செய்கிறவர்கள் வாக்கியம் பேசப்போகும்போது தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பொருளை அதன் இனத்தோடும், வினையை அது ஏற்கும் பொருளோடும் சேர்த்தே படிக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் வரிசை அதற்காகவே அமைந்தது.

க்ரீ என்பது கனடாவின் பழங்குடி மக்கள் பேசும் அல்கொங்கியக் குடும்ப மொழி. மேற்கே ஆல்பர்ட்டாவில் தொடங்கி கிழக்கே கியூபெக் வரை பல வட்டார வழக்குகளாகப் பரவிக் கிடக்கிறது. இங்கே சொல்வது ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் மாநிலங்களில் பேசப்படும் சமவெளிக் க்ரீ. பேசுகிறவர்கள் அதை ‘நேஹியவேவின்’ என்பார்கள்.

முதலில் காது

க்ரீயை எழுத இரண்டு முறைகள் உண்டு. ஒன்று ரோமன் எழுத்து, மற்றொன்று அசையெழுத்து. அசையெழுத்தில் ஒரே உருவத்தை மேலே, கீழே, வலம், இடம் என்று திருப்பினால் உயிரொலி மாறும். அச்சு நூல்களில் அதைப் பரப்பியவர் 1840இல் நார்வே ஹவுஸ் என்ற குடியிருப்பில் பணியாற்றிய ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார். க்ரீ மக்களின் வாய்மொழி மரபோ அது தங்களுக்கே அருளப்பட்டது என்கிறது. அழகான முறைதான், ஆனால் முதல் சில மாதங்களுக்கு ரோமன் எழுத்தே போதும். அகராதியும் பாடநூல்களும் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன.

உயிர்கள் ஏழு: அ, இ, ஒ என்ற மூன்று குறில், ஆ, ஈ, ஏ, ஓ என்ற நான்கு நெடில். ‘ஏ’க்குக் குறில் கிடையாது. குறில் ‘ஒ’வைச் சற்று ‘உ’ பக்கம் சாய்த்துச் சொல்ல வேண்டும். ரோமன் எழுத்தில் நெடிலுக்கு மேலே கூரைக்குறியோ கோடோ இருக்கும். அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டால் சொல்லே மாறிவிடும். ‘நிபிய்’ தண்ணீர், ‘நீபிய்’ இலை. ‘ஸகஹிகன்’ ஆணி, ‘ஸாகஹிகன்’ ஏரி. ‘அஸம்’ என்றால் ‘அவனுக்குச் சாப்பாடு கொடு’, ‘அஸாம்’ என்றால் பனியில் நடக்கும் சட்டகச் செருப்பு. குறில் நெடில் பழகிய தமிழ்க் காதுக்கு இது பெரிய வேலை இல்லை.

மெய்யெழுத்துகளில்தான் தமிழ்ப் பழக்கம் பாதி உதவி, பாதி உபத்திரவம். க, ச, த, ப ஆகியவற்றை அழுத்தியும் மெலித்தும் தனித்தனிச் சொற்களாக்கும் வழக்கம் க்ரீயில் இல்லை. அதனால் ‘நிபிய்’ என்பதில் வரும் ப கொஞ்சம் மெலிந்தாலும் தவறில்லை. ஆனால் நாம் உயிர்களுக்கு நடுவே க-வை ‘அகம்’ போலவும், த-வை ‘அது’ போலவும் காற்றாக்கிவிடுவோம். க்ரீயில் அப்படிச் செய்யக்கூடாது. ஹ என்பது அங்கே தனி ஒலி, க காற்றாகிவிட்டால் கேட்பவர் ஹ என்றே எடுத்துக்கொள்வார். நாக்கு முழுதாகத் தட்ட வேண்டும்.

ஹ்க, ஹ்த, ஹ்ப, ஹ்ச என்ற கூட்டொலிகள் இன்னொரு தொல்லை. மெய்க்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு. ‘மோஹ்கொமான்’ என்பதில் அந்த மூச்சை முழுங்கி ‘மோகொமான்’ என்றால் காதில் கரடுமுரடாக விழும், சில சொற்களில் பொருளும் போய்விடும். ‘மோ’ என்று சொல்லி, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல ஒரு கணம் ஊதி, பிறகு ‘கொ’ சொல்லிப் பாருங்கள்.

இந்தக் கட்டுரையில் ‘ச’ என்று எழுதியதை எங்கும் ‘அச்சு’ என்பதில் வருவது போலவே படியுங்கள். ‘ஸ’ தனி ஒலி. ‘மீசிஸொ’ (சாப்பிடு) என்பதில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன.

அழுத்தம் எங்கே விழும்? மூன்று அசையோ அதற்கு மேலோ உள்ள சொல்லில் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில். இரண்டு அசைச் சொல்லில் கடைசி அசையில். குழந்தைக்கு ‘அவாஸிஸ்’ என்பார்கள். நமக்கு ‘வா’ நெடில் என்பதால் அங்கே அழுத்தத் தோன்றும், ஆனால் அழுத்தம் முதல் ‘அ’வில்.

ஏவல் சொற்களில் தொடங்குங்கள்

க்ரீ வினை பெரியது. முன்னால் ஒட்டு, பின்னால் ஒட்டு, நடுவில் காலம் என்று நீளும். அந்தச் சுமை எதுவும் இல்லாத வடிவம் ஏவல். செயப்படுபொருள் வேண்டாத வினைகளில் ஏவலே வினையடி. ஆகவே ஏவலைப் படித்தால் அடியைப் படித்ததாக ஆகிவிடும்.

காலையிலிருந்து ஒழுங்காகப் போவோம். ‘வனிஸ்கா’ எழுந்திரு. ‘காஸீஹ்க்வே’ முகம் கழுவு. ‘காஸீசிஹ்சே’ கை கழுவு. ‘கிஸாகமிஸிகே’ தேநீருக்குத் தண்ணீர் காயவை. இந்த முழு வேலைக்கும் ஒரே சொல். ‘கீஸிதேபொ’ சமை. ‘அபி’ உட்கார். ‘மீசிஸொ’ சாப்பிடு. ‘மினிஹ்க்வே’ குடி. ‘நீபவி’ நில். ‘வயவீ’ வெளியே போ. ‘பிமொஹ்தே’ நட. ‘அதொஸ்கே’ வேலை செய். ‘பீஹ்தொக்வே’ உள்ளே வா. ‘கீவே’ வீட்டுக்குப் போ. ‘நிபா’ தூங்கு. ‘ஆஸ்தம்’ இங்கே வா.

ஒரு நாளைக்கு ஐந்தாறு போதும். சொல்லிக்கொண்டே அந்த வேலையைச் செய்யுங்கள். உட்கார்ந்த இடத்தில் பத்து முறை எழுதுவதைவிட, எழுந்து நின்று ‘நீபவி’ என்பதும் உட்கார்ந்து ‘அபி’ என்பதும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

பலரிடம் சொல்லும்போது கடைசியில் ‘க்’ சேரும்: அபிக், மீசிஸொக். நம்மையும் சேர்த்துக்கொண்டு ‘சாப்பிடலாம் வாங்க’ என்றால் ‘தான்’ சேரும்: மீசிஸொதான், கீவேதான். ‘ஆஸ்தம்’ மட்டும் விதிவிலக்கு, பலருக்கு ‘ஆஸ்தமிதிக்’. உடனே அல்ல, பிறகு செய் என்பதற்குத் தனி ஏவல் உண்டு: ‘மீசிஸொஹ்கன்’ என்றால் ‘அப்புறமாச் சாப்பிடு’. ‘க்’ என்பது தமிழின் ‘ங்க’ போல மரியாதைப் பன்மை அல்ல. பெரியவர் ஒருவரிடம் ‘அபிக்’ என்றால் அவர் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். ஒருவர் என்றால் ஒருமைதான்.

செய்யாதே என்று தடுக்க ‘ஏகாவிய’ முன்னால் வரும்: ஏகாவிய நிபா, தூங்காதே.

உடைக்கு வந்தால் க்ரீயின் கட்டுமானம் பளிச்சென்று தெரியும். காலணிக்கு ‘மஸ்கிஸின்’, தொப்பிக்கு ‘அஸ்தொதின்’, காலுறைக்கு ‘அஸிகன்’, கையுறைக்கு ‘அஸ்திஸ்’. முன்னால் ‘பொஸ்த்’ வைத்தால் மாட்டு, ‘கேத்’ வைத்தால் கழற்று. காலணியைப் போடு: பொஸ்தஸ்கிஸினே. கழற்று: கேதஸ்கிஸினே. தொப்பி: பொஸ்தஸ்தொதினே, கேதஸ்தொதினே. காலுறை: பொஸ்தஸிகனே, கேதஸிகனே. கையுறை: பொஸ்தஸ்திஸே, கேதஸ்திஸே. பொருளின் பெயர் வினைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடுகிறது. ‘மஸ்கிஸின்’ உள்ளே போகும்போது முன்னால் உள்ள ம் உதிர்வதைக் கவனியுங்கள். மேலங்கிக்குத் தனிப்பெயர் ‘மிஸ்கொதாகய்’, ஆனால் போடு, கழற்று என்பவை ‘பொஸ்தஸாகே’, ‘கேதஸாகே’. பெயரின் சாயலே உள்ளே இல்லை. அப்படிச் சில இருக்கும், அவற்றை அப்படியே பாடம் செய்ய வேண்டியதுதான். குளிர் நாட்டில் வாசலில் நின்று தினம் இரண்டு முறை செய்யும் வேலை என்பதால் பயிற்சிக்கு இதைவிட நல்ல தொகுதி இல்லை.

பொருள்களும் அவற்றின் இனமும்

உயர்திணை, அஃறிணை பிரித்துப் பழகிய நமக்குப் பெயர்களை இரண்டாகப் பிரிப்பது புதிதல்ல. ஆனால் கோடு வேறு இடத்தில் விழுகிறது. மனிதர், விலங்கு, மரம் எல்லாம் உயிருள்ள இனம். அதோடு கல் (அஸினிய்), பனி (கோன), பணம் (ஸோனியாவ்), கரண்டி (ஏமிஹ்க்வான்), கெண்டியும் வாளியும் (அஸ்கிஹ்க்), காலுறை (அஸிகன்), கையுறை (அஸ்திஸ்), காற்சட்டை (மிதாஸ்), பனிச்செருப்பு (அஸாம்), பஹ்க்வேஸிகன் என்ற ரொட்டி ஆகியவையும் உயிருள்ள இனமே. உயிரில்லா இனத்தில் கத்தி (மோஹ்கொமான்), தட்டு (ஒயாகன்), குவளை (மினிஹ்க்வாசிகன்), மேசை (மீசிஸொவினாஹ்திக்), நாற்காலி (தேஹ்தபிவின்), படுக்கை (நிபேவின்), போர்வை (அகொஹ்ப்), கதவு (இஸ்க்வாஹ்தேம்), வீடு (வாஸ்கஹிகன்), புத்தகம் (மஸினஹிகன்), காலணி, தொப்பி. காலில் போடும் காலுறை ஒரு பக்கம், அதன்மேல் போடும் காலணி மறுபக்கம். பழங்களில் ராஸ்பெரி (அயோஸ்கன்) உயிருள்ள இனம், ஸ்ட்ராபெரி (ஒதேஹிமின்) உயிரில்லா இனம்.

இதற்குத் தத்துவ விளக்கம் தேடிப் போகிறவர்கள் நிறையப் பேர். புதிதாகப் படிப்பவருக்கு அந்தத் தேடல் உதவாது. ஸ்ட்ராபெரியும் ராஸ்பெரியும் ஏன் பிரிந்தன என்பதற்கு எந்த விதியும் கைகொடுக்காது. இனத்தைச் சொல்லோடு சேர்த்து மனத்தில் வைப்பதற்கு எளிய வழி பன்மையிலேயே படிப்பது. உயிருள்ள இனத்துக்குப் பன்மை ‘அக்’, உயிரில்லா இனத்துக்கு ‘அ’. ஏமிஹ்க்வானக், அஸிகனக், அஸ்திஸக், அஸினியக். மோஹ்கொமான, ஒயாகன, மஸ்கிஸின, மஸினஹிகன. குறிப்பேட்டில் ஒருமையை எழுதும்போதே பக்கத்தில் பன்மையையும் எழுதிவிடுங்கள்.

பேசுகிறவரிடம் ஒரு புதுப் பொருளின் பெயரைக் கேட்டால், கூடவே இரண்டுக்கு என்ன சொல்வீர்கள் என்றும் கேளுங்கள். ‘நீஸொ’ என்றால் இரண்டு. ‘நீஸொ மோஹ்கொமான’ என்றோ ‘நீஸொ ஏமிஹ்க்வானக்’ என்றோ பதில் வரும், இனம் தெரிந்துவிடும். இலக்கணப் பெயர் சொல்லிக் கேட்டால் பலருக்குத் திகைப்பாக இருக்கும். இரண்டு என்று கேட்டால் யாருக்கும் திகைப்பில்லை.

பெயர் கேட்கும் கேள்வியிலும் இனம் உண்டு. உயிரில்லா இனத்துக்கு ‘தானிஸி இஸியீஹ்காதேவ் ஓம?’, இதற்கு என்ன பெயர். உயிருள்ள இனத்துக்கு ‘தானிஸி இஸியீஹ்காஸொவ் அவ?’. ‘இது’ என்பதும் மாறுவதைப் பாருங்கள்: ஓம, அவ. ‘அது’ என்பதற்கு முறையே ‘அனிம’, ‘அன’. இனம் தெரியாதபோது ‘ஓம’ வைத்துக் கேளுங்கள். தவறென்றால் திருத்துவார்கள், திருத்தத்திலேயே விடை கிடைத்துவிடும்.

ஒரே வேலை, இரண்டு வினை

செயப்படுபொருள் ஏற்கும் வினைகளை எப்போதும் இணையாகவே எழுதுங்கள். முதலில் உயிரில்லாப் பொருளுக்கு, அடுத்தது உயிருள்ள பொருளுக்கு.

கொண்டு வா: பேதா, பேஸிவ்.
எடு: ஒதின, ஒதின்.
கழுவு: கிஸீபேகின, கிஸீபேகின்.
பார்: வாபஹ்த, வாபம்.
தின்: மீசி, மொவ்.

எடு, கழுவு இரண்டிலும் தமிழ் எழுத்தில் ஒரு புள்ளிதான் வேறுபாடு. காதிலும் அவ்வளவே, கடைசியில் ஒரு ‘அ’ உண்டா இல்லையா என்பதுதான். ‘ஒதின மோஹ்கொமான்’, கத்தியை எடு. ‘ஒதின் ஏமிஹ்க்வான்’, கரண்டியை எடு.

சாப்பிடுவதற்கு மூன்று வினைகள். எதை என்று சொல்லாமல் சாப்பிடுவது ‘மீசிஸொ’. உயிரில்லா இனப் பொருளைத் தின்பது ‘மீசி’. உயிருள்ள இனப் பொருளைத் தின்பது ‘மொவ்’. இறைச்சி (வியாஸ்) உயிரில்லா இனம்: ‘நிமீசின் வியாஸ்’, நான் இறைச்சி சாப்பிடுகிறேன். மீனும் (கினொஸேவ்) ரொட்டியும் உயிருள்ள இனம்: ‘நிமொவாவ் கினொஸேவ்’, ‘நிமொவாவ் பஹ்க்வேஸிகன்’. மாவாகப் பிசைந்து சுட்ட ரொட்டிக்கு ‘மீசி’ போடுவது தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை. கேட்பவருக்குப் புரியும், ஆனால் உடனே திருத்துவார்கள்.

மூன்றாம் ஆள் ஒருவர் மற்றொரு மூன்றாம் ஆளையோ உயிருள்ள பொருளையோ ஏதாவது செய்யும்போது, செயப்படுபொருளுக்குப் பின்னால் ஓர் ‘அ’ சேரும். ‘அவாஸிஸ் மொவேவ் பஹ்க்வேஸிகன’, குழந்தை ரொட்டி சாப்பிடுகிறது. இந்த ‘அ’வைப் பார்த்து உயிரில்லா இனப் பன்மை என்று குழம்ப வேண்டாம். ரொட்டி ஒன்றாகவே இருக்கலாம். வினை ‘மொவேவ்’ என்று இருப்பதே அது உயிருள்ள இனம் என்று காட்டிக்கொடுக்கும்.

நான், நீ, அவர்

‘நி’ நான், ‘கி’ நீ. இரண்டும் வினைக்கு முன்னால் வரும், பின்னால் ‘ன்’ சேரும். அவனுக்கும் அவளுக்கும் முன்னொட்டு இல்லை, பின்னால் ‘வ்’ மட்டும். ஆண் பெண் வேறுபாடே கிடையாது.

நிமீசிஸொன் (சாப்பிடுகிறேன்), கிமீசிஸொன் (சாப்பிடுகிறாய்), மீசிஸொவ் (சாப்பிடுகிறான், சாப்பிடுகிறாள்), மீசிஸொவக் (சாப்பிடுகிறார்கள்), கிமீசிஸொனாவாவ் (நீங்கள் பலர்). நாங்களுக்கும் நாமுக்கும் வேறு வேறு வடிவம்: ‘நிமீசிஸொனான்’ நாங்கள், ‘கிமீசிஸொனவ்’ நாம். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இதற்குத் தனிப் பாடமே படிப்பார்கள். நமக்கு அந்தப் பாடம் வேண்டியதில்லை. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வதால் ‘நாம்’ வடிவம் ‘கி’யில் தொடங்குகிறது என்று நினைவில் வைத்தால் போதும்.

‘கி’க்கு முதலிடம் என்பது இன்னும் தூரம் போகும். ‘நான் உன்னைப் பார்க்கிறேன்’ என்பதில் பார்ப்பது நான்தான், ஆனாலும் சொல் ‘கிவாபமிதின்’. ‘நீ என்னைப் பார்க்கிறாய்’ என்பது ‘கிவாபமின்’. யார் யாரைப் பார்க்கிறார் என்பதை வாலில் தேட வேண்டும், தலையில் அல்ல.

இரண்டு ஒலி விதிகளை இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். ‘ஏ’யில் முடியும் அடிகள் நான், நீ வடிவங்களில் ‘ஆ’ ஆகும்: அதொஸ்கே, நிததொஸ்கேன் அல்ல, நிததொஸ்கான். அதே போல நிகீவான், நிபிமொஹ்தான், நிமினிஹ்க்வான். அடுத்தது, அடி உயிரெழுத்தில் தொடங்கினால் முன்னொட்டுக்கும் அடிக்கும் நடுவே ஒரு த் புகும்: அபி, நிதபின்.

காலமும் விருப்பமும் முன்னொட்டுக்கும் அடிக்கும் இடையில் வரும். ‘கீ’ கடந்தது, ‘வீ’ செய்யப்போவது, ‘க’ இனி நடப்பது, ‘நோஹ்தே’ விருப்பம். நிகீ-மீசிஸொன், சாப்பிட்டேன். நிவீ-மீசிஸொன், சாப்பிடப்போகிறேன். நிக-மீசிஸொன், சாப்பிடுவேன். நினோஹ்தே-மீசிஸொன், சாப்பிட ஆசை. இங்கே வரும் பிழை அந்த த்தைப் பற்றியது. ‘நிததொஸ்கான்’ என்று பழகியவர் கடந்த காலத்திலும் ‘நிகீ-ததொஸ்கான்’ என்று த்தை இழுத்துக்கொண்டு போவார். சரியானது ‘நிகீ-அதொஸ்கான்’. ‘நி’ உயிரோடு நேராக மோதினால்தான் த் வரும், நடுவில் ‘கீ’ நின்றுவிட்டால் வேலை இல்லை.

பசி, தாகம், தூக்கம் மூன்றும் அடிக்கடி வேண்டும்: நினோஹ்தேஹ்கதான், பசிக்கிறது. நினோஹ்தேயாபாக்வான், தாகமாக இருக்கிறது. நினோஹ்தேஹ்க்வஸின், தூக்கம் வருகிறது. குளிருக்கு இரண்டு சொல் உண்டு. வெளியே குளிர் என்றால் ‘கிஸினாவ்’, எனக்குக் குளிர்கிறது என்றால் ‘நிகவசின்’. மழை பெய்கிறது ‘கிமிவன்’, பனி பெய்கிறது ‘மிஸ்பொன்’, காற்றடிக்கிறது ‘யோதின்’.

ஆமா இல்லையா என்று கேட்க ‘சீ’ சேர்த்தால் போதும், நம்முடைய வினா ‘ஆ’ போல: ‘கினோஹ்தேஹ்கதான் சீ?’, பசிக்கிறதா? ‘ஏஹே’ ஆமாம், ‘நமோய’ இல்லை. ‘நமோய’வையே வினைக்கு முன் வைத்தால் எதிர்மறை: நமோய நிமீசிஸொன். ஏவலில் மட்டும் ‘நமோய’ செல்லாது, அங்கே ‘ஏகாவிய’.

இவ்வளவும் படித்த பிறகு க்ரீ பேச்சைக் கேட்டால் ‘நி’யும் ‘கி’யும் காணாமல் போயிருக்கும். பேச்சில் ‘ஏ-’ என்று தொடங்கும் மற்றொரு வரிசை மிகுதியாகப் புழங்குவதுதான் காரணம். ஏ-மீசிஸொயான் (நான் சாப்பிடுகிறேன்), ஏ-மீசிஸொயன் (நீ சாப்பிடுகிறாய்), ஏ-மீசிஸொத் (அவர் சாப்பிடுகிறார்), ஏ-மீசிஸொசிக் (அவர்கள்). ‘யான்’ என்றால் நான், ‘யன்’ என்றால் நீ. நாங்கள், நாம் இரண்டும் அப்படியே: ஏ-மீசிஸொயாஹ்க், ஏ-மீசிஸொயஹ்க். ஆள் மாறுவது முழுக்க ஒரு நெடிலில் தொங்குகிறது. எங்கே, என்ன என்று தொடங்கும் கேள்விகளில் பெரும்பாலும் இந்த வரிசையே வரும்: ‘கீக்வாய் ஏ-மீசியன்?’, என்ன சாப்பிடுகிறாய்? ‘தானிதே ஏ-வீகியன்?’, எங்கே குடியிருக்கிறாய்? இந்த வரிசையில் ‘ஏ’ அடி ‘ஆ’ ஆகாது: ஏ-அதொஸ்கேயான்.

என்னுடையது

அதே ‘நி’, ‘கி’தான் உடைமைக்கும் வரும், மூன்றாம் ஆளுக்கு ‘ஒ’: நிமோஹ்கொமான், கிமோஹ்கொமான், ஒமோஹ்கொமான். உயிரில் தொடங்கினால் இங்கும் த்: நிதஸ்தொதின், என் தொப்பி.

உறவும் உடலுறுப்பும் உடையவர் இல்லாமல் தனியாக வராது. அம்மா ‘நிகாவிய்’, அப்பா ‘நோஹ்தாவிய்’, பாட்டி ‘நோஹ்கொம்’, தாத்தா ‘நிமொஸோம்’ எல்லாமே ‘என்’ சேர்ந்தவை. ‘கோஹ்கொம்’ என்றால் உன் பாட்டி. உறுப்புகளைப் பொதுவாகச் சொல்ல ம் முன்னால் வரும்: மிஸ்திக்வான், ஒரு தலை. என் தலை நிஸ்திக்வான், அவர் தலை ஒஸ்திக்வான். கை மிசிஹ்சிய், நிசிஹ்சிய். கால் பாதம் மிஸித், நிஸித். அகராதியில் ம் எழுத்தில் தேடினால் கிடைக்கும், ந் எழுத்தில் தேடி ஏமாற வேண்டாம்.

துண்டுகளை அடையாளம் காண்பது

நூறு சொல் சேர்ந்ததும் துண்டுகள் கண்ணில் படத் தொடங்கும். ‘ஆபொய்’ நீர்மம். மஸ்கிஹ்கிவாபொய் தேநீர் (மஸ்கிஹ்கிய் மருந்து), பிஹ்கஹ்தேவாபொய் காப்பி (கருகியதன் நீர்), தொஹ்தோஸாபொய் பால், இஸ்கொதேவாபொய் சாராயம் (நெருப்பு நீர்). ‘கமிக்’ கட்டடம். அதாவேவிகமிக் கடை, மீசிஸொவிகமிக் உணவகம், ஆஹ்கொஸீவிகமிக் மருத்துவமனை, ஸோனியாவிகமிக் வங்கி. இடத்தைச் சொல்ல ‘ஒஹ்க்’ அல்லது ‘இஹ்க்’ ஒட்டும்: ‘அதாவேவிகமிகொஹ்க் நிவீ-இதொஹ்தான்’, கடைக்குப் போகப்போகிறேன். ‘வாஸ்கஹிகனிஹ்க்’, வீட்டில். ‘வின்’ வினையைப் பெயராக்கும்: நிபா தூங்கு, நிபேவின் படுக்கை. ‘ஹிகன்’ பல கருவிப் பெயர்களின் வால்: சீகஹிகன் கோடரி, ஸகஹிகன் ஆணி.

துண்டுகளை வைத்து ஊகிக்கலாம், ஆனால் துண்டுகளைச் சேர்த்து நாமாகப் புதுச்சொல் கட்டக் கூடாது. கட்டினால் பெரும்பாலும் யாரும் சொல்லாத சொல்லாகப் போய்விடும். சமையலறையில் ஓர் எச்சரிக்கை: சர்க்கரை ‘ஸீவினிகன்’, உப்பு ‘ஸீவிஹ்தாகன்’. தொடக்கம் ஒன்று, நடுவில்தான் வேறுபாடு. டப்பாக்களில் பெயர் ஒட்டுவதாக இருந்தால் இந்த இரண்டிலிருந்து தொடங்குங்கள்.

ஊர்ப் பெயர்களிலும் இதே துண்டுகள் கிடக்கின்றன. எட்மன்டனுக்கு க்ரீப் பெயர் ‘அமிஸ்க்வசிய்-வாஸ்கஹிகன்’, பீவர்க் குன்றுகளின் வீடு. சஸ்காச்சுவான் என்பது ‘கிஸிஸ்காசிவனி-ஸீபிய்’, விரைந்தோடும் ஆறு. அங்கே குடியிருப்பவர்கள் வீடு, ஆறு என்ற இரண்டு சொல்லையும் இந்தப் பெயர்களிலிருந்தே படித்துவிடலாம்.

மாட்டிக்கொள்ளும்போது

தடுமாறும் நேரத்தில் ஆங்கிலத்துக்குத் தாவாமல் இருக்க நான்கு வாக்கியம் கைவசம் வேண்டும். ‘நமோய நினிஸிதொஹ்தேன்’, புரியவில்லை. ‘நமோய நிகிஸ்கேயிஹ்தேன்’, தெரியாது. ‘கீஹ்த்வாம் இத்வே’, மறுபடி சொல்லுங்கள். ‘பேயாஹ்திக்’, மெதுவாக. பார்த்ததும் ‘தானிஸி’, அதற்குப் பதில் ‘நமோய நானிதவ், கிய மாக?’, நன்றாக இருக்கிறேன், நீங்கள்? நன்றிக்கு ‘கினனாஸ்கொமிதின்’. நாக்கு புரளாவிட்டால் ‘ஹிய் ஹிய்’. விடைபெறுவதற்குத் தனிச்சொல் இல்லை, ‘கீஹ்த்வாம் க-வாபமிதின்’, மறுபடி பார்க்கிறேன் என்பார்கள்.

அகராதியும் வட்டார வழக்கும்

ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் நடத்தும் ‘இத்வேவின’ என்ற இணைய அகராதி இலவசம். பெயருக்குச் ‘சொற்கள்’ என்று பொருள். பல சொற்களுக்கு மஸ்க்வசீஸ் பகுதி மக்களின் குரல் பதிவும் உண்டு. கூரைக்குறி இல்லாமல் தட்டினாலும் தேடித் தரும், ஆனால் குறிப்பேட்டில் எழுதும்போது குறியோடு எழுதுங்கள்.

அங்கே வினைகள் மூன்றாம் ஆள் வடிவத்தில் இருக்கும்: மீசிஸொவ், வாபஹ்தம், பேஸிவேவ். அதிலிருந்து ஏவலைப் பிரிப்பதில்தான் தவறு நடக்கும். செயப்படுபொருள் வேண்டாத வினையில் கடைசி வ் மட்டும் போகும்: அதொஸ்கேவ், அதொஸ்கே. உயிரில்லாப் பொருளை ஏற்கும் ‘அம்’ வினையில் ம் போகும்: வாபஹ்தம், வாபஹ்த. உயிருள்ள பொருளை ஏற்கும் வினையில் ‘ஏவ்’ முழுதும் போகும்: பேஸிவேவ், பேஸிவ். முதலாவதும் மூன்றாவதும் பார்வைக்கு ஒரே ‘ஏவ்’ முடிவு. சொல்லுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் வினை வகைக் குறியைப் பார்க்காமல் வெட்டினால் ‘அதொஸ்க்’ என்ற இல்லாத சொல்தான் மிஞ்சும்.

உங்கள் ஊரில் கேட்பது அகராதியோடு ஒத்துப்போகாவிட்டால் முதலில் ய் ஒலியைக் கவனியுங்கள். சமவெளியில் ‘நான்’ என்பது ‘நிய’. காட்டுக் க்ரீயில் ‘நீத’, இந்த த-வை மட்டும் தமிழ் ‘அது’ போலவே மெலிக்கலாம். சதுப்புநிலக் க்ரீயில் ‘நீன’, மூஸ் க்ரீயில் ‘நீல’, கியூபெக்கின் அதிகமேக் மொழியில் ‘நீர்’. சமவெளிக் க்ரீயின் வடக்குப் பகுதிகளிலும் காட்டுக் க்ரீயிலும் ‘ஏ’ ‘ஈ’யோடு கலந்துவிடும், ‘கீவே’ அங்கே ‘கீவீ’. சில சொற்களின் இனமும் ஊருக்கு ஊர் மாறும். யாரிடம் தினமும் பேசப்போகிறீர்களோ அவர்கள் வழக்கை எடுத்துக்கொண்டு, அகராதி வடிவத்தைக் குறிப்பேட்டில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.